இருபத்தெட்டு மைல்

"இருபத்தெட்டு மைல் எங்கை போனது? அதை மட்டும் சொல்லுங்கோ."

"எத்தினை தரம் சொல்லுறது, டொலறஸ். நான் ஒரு இடமும் போகேல்லை. ஜீப்தான் குடிக்குது."

"ஜீப் குடிக்கேல்லை எண்டு கஸ்பர் ஓடிக் காட்டிப்போட்டான். இனி நீங்கள்தான் மிச்சம்."

1987ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, லண்டன் மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு முன்னால் தெருவில் இது நடந்தது. நான் முன்னறை யன்னலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்குச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஆட்களைப் பார்க்க முடியவில்லை. இடையில் ஜீப் நின்றது. ஆகவே பூவாளியோடு வெளியே வந்து படலையில் நிற்க வேண்டியதாயிற்று. வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துராஜா இரண்டு சப்பாத்துகளையும் கையில் பிடித்தபடி வெறும் காலுறையோடு நடுத்தெருவில் நிற்கிறார். அவருடைய மனைவி டொலறஸ் கையில் சமையலறைக் கலண்டர். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி திரைச்சீலையை வசதியாக விலக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறாள். அவளுக்கு அங்கிருந்து எல்லாம் நன்றாகத் தெரியும். அதிர்ஷ்டக்காரி.

லண்டனில் கறிவேப்பிலை வளர்ப்பது எளிதில்லை. அந்த நாட்களில் கடையில் வாங்குவதும் அப்படித்தான். வந்தால் வெள்ளிக்கிழமை வரும், அதுவும் காய்ந்து வரும். எங்கள் தெருவில் பச்சை இலை இருந்த ஒரே வீடு எங்களுடையது. ஈஸ்ட் ஹாமிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். நான் ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. ஆனால் இலைக்கு வருகிறவர்கள் வெறும் வாயோடு வருவதும் முறையில்லை அல்லவா. யாருக்கு விசா வந்தது, யார் வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், யார் யாரோடு கதைப்பதில்லை என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் கேட்டு வைத்துக்கொள்வேன். செடிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதால் அதை முன்யன்னலில் வைத்திருந்தேன். செடிக்குப் பக்கத்தில் நான் உட்கார ஒரு கதிரை. அவ்வளவுதான் என் ஆஸ்தி.

அந்த வருடம் சித்திரையில் கிறிஸ்துராஜா ஜீப் வாங்கினார். நான்கு சில்லும் இழுக்கும் பெரிய பெற்றோல் வண்டி, எட்டு சிலிண்டர், பழையது. ஊரில் அவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பதினொரு வருடம் கிளாக்கராக இருந்தவர். திணைக்கள ஜீப்பில் என்ஜினியர் முன்னால் இருப்பாராம், இவர் பின்னால் பைல்களை மடியில் வைத்துக்கொண்டு இருப்பாராம். லண்டனில் கவுன்சில் அலுவலகத்தில் வேலை கிடைத்து, பஸ்ஸில் போய்வந்து, இருந்த பழைய காரையும் கொடுத்து, கடைசியில் முன் ஆசனத்தை வாங்கிவிட்டார். பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அது போதாது என்று டொலறஸ் என்னையும் கூட்டிக்கொண்டு சேர்ச் ரோட் முருகன் கோயில் வாசலுக்கு வந்து நான்கு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்தாள். எந்தப் பக்கத்துக் கடவுளும் குறை சொல்லக்கூடாது என்பது அவள் கொள்கை. எனக்கு அவளில் பிடித்த குணம் அது.

அன்றைக்கே கிறிஸ்துராஜா விளம்பரப் புத்தகத்தைக் காட்டினார். ஒரு கலன் பெற்றோலுக்கு இருபத்திரண்டு மைல் என்று போட்டிருந்தது. மணிக்கு ஐம்பத்தாறு மைல் வேகத்தில், ஒரே சீராக, எங்கும் நிற்காமல் ஓடினால் என்று கீழே சின்ன எழுத்தில் இருந்தது. ரொம்ஃபோர்ட் வீதியில் ஐம்பத்தாறு மைல் வேகத்தில் எங்கும் நிற்காமல் ஓடுகிறவர்களைப் பொலிஸ்காரர்தான் துரத்திக்கொண்டு போவார்கள். சந்தோசமாக இருக்கிற மனிதனின் சின்ன எழுத்தை நாம் ஏன் வாசிப்பான்.

பிறகு அந்த வண்டியைக் கொண்டுவந்து என் யன்னலுக்கு முன்னால் விட்டார்.

எங்கள் தெருவில் எல்லாம் ஒட்டிக்கட்டிய வீடுகள். படலைக்கும் கதவுக்கும் இடையில் நாலு அடி. ஜீப் வந்து நின்றால் முன்னறை இருண்டுவிடும். ஒரு வாரம் பார்த்துவிட்டு நான் தன்மையாகக் கேட்டேன். தம்பி, கொஞ்சம் உங்கள் வீட்டுக்கு முன்னால் தள்ளி விடக்கூடாதா என்று. அவர் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார்: "எனக்கு ஒண்டுமில்லை மலரக்கா. டொலறஸ்தான், எங்கட யன்னலை மறைக்குது, அங்கால விடுங்கோ எண்டவ."

அவள் யன்னலில் ஒரு பிளாஸ்டிக் ரோசாப்பூ இருந்தது. அதற்கு வெளிச்சம் தேவைப்பட்டிருக்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆட்கள் பிறகு பலதும் கதைப்பார்கள். நான் யோசித்தேன், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு யன்னலுக்காக எந்த ஆணும் வாகனத்தை விற்கமாட்டான். ஆனால் அது அளவுக்கு மீறிக் குடிக்கிறது என்று கண்டால் விற்பான். அந்த வண்டி எப்படியும் குடிக்கிற வண்டிதான். உண்மையைக் கொஞ்சம் முன்னால் தள்ளிவிடுவது பொய்யாகாது.

ஜீப்பின் இரண்டாவது சாவி என்னிடம் இருந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. தெருவைத் திருத்த ஆட்கள் வந்தால் சபா அண்ணை எடுத்து விடட்டும் என்று அவர்களே தந்தார்கள். சபா அண்ணை என்றால் என் கணவர் சபாரத்தினம். அவர் தபால் பிரிக்கும் இடத்தில் இரவு ஷிப்ட், பகலில் மதியம்வரை நித்திரை. அவருடைய சின்னச் சிவப்புக் கார் ஜீப்புக்குப் பின்னால் நிற்கும். கிறிஸ்துராஜா வேலைக்கு அப்போதும் பஸ்தான். ஜீப் மாலையிலும் ஞாயிறு பூசைக்கும் மட்டும் வெளிக்கிடும்.

தாங்கியின் மூடி நடைபாதைப் பக்கம், அதே சாவிக்குத் திறக்கும். அந்த வண்டியின் உயரத்துக்கும் எங்கள் மதிலுக்கும் இடையில் ஒருத்தி பூவாளியோடு குந்தியிருந்தால் தெருவில் யாருக்கும் தெரியாது. எதிர்வீட்டுக் கிழவிக்கும் தெரியாது. என்னிடமிருந்து தெருவை மறைத்த வண்டி, தெருவிடமிருந்து என்னையும் மறைத்தது. அந்த நியாயம் எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு ரப்பர் குழாய் போதும். ஒருமுறை வாயால் இழுக்க வேண்டும். அதன்பிறகு ஒரு ஏலக்காய் போட்டுக்கொள்வேன். வாரத்துக்கு ஒரு பூவாளி, சரியாக ஒரு கலன். அதை என்ன செய்வது? சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. பொருளை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. சிவப்புக் கார் பக்கத்தில் நின்றது. அதன் வாயும் திறந்துதான் இருந்தது.

இதனால் என் கணவர் பிரபலமானார்.

சிவப்புக் கார் கலனுக்கு முப்பத்தெட்டு ஓடிக்கொண்டிருந்த கார். அது அறுபத்திரண்டு ஓடத் தொடங்கியது. அவருக்குத் தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. கோயில் மண்டபத்தில் அன்னதானத்துக்குப் பந்தியில் இருந்தபடி, அக்சிலேட்டருக்கும் காலுக்கும் நடுவில் ஒரு பச்சை முட்டை இருக்கிறது என்று நினைத்து ஓட்ட வேண்டும் என்று விளக்கம் சொன்னார். பொடியன்கள் குறிப்பு எடுத்தார்கள். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. நான் அதைக் கெடுக்க விரும்பவில்லை.

பக்கத்து வீட்டில் டொலறஸ் மாதா கோயில் கலண்டரில் எழுதத் தொடங்கினாள். புனிதர்களின் திருநாள்களுக்குக் கீழே மைல், கலன், மைல், கலன். நாற்பது மைல், நாலு கலன். அடுத்த வாரமும் அப்படி. கலனுக்குப் பத்து.

கிறிஸ்துராஜா விற்கவில்லை. நான் அவரைச் சரியாக நிறுக்கவில்லை. தன் கால்தான் பிழை என்று நினைத்துக்கொண்டு என் கணவரிடம் பாடம் கேட்க வந்தார். முட்டையை மிதிக்காமலிருக்கச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஓட்டினார். பின்னால் பஸ்கள் வரிசையாக ஹோர்ன் அடிக்க மணிக்குப் பதினெட்டு மைலில் பூசைக்குப் போனார். பாரம் குறைப்பதற்கு மேலதிகச் சில்லைக் கழற்றினார், ஜாக்கை எடுத்தார், கடைசியில் முன்பக்கம் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதாவையும் கழற்றினார். மாதா எவ்வளவு நிறை இருப்பா என்று டொலறஸ் கேட்டாள்.

இவ்வளவும் செய்ததில் அவருடைய ஓட்டம் உண்மையிலேயே திருந்திவிட்டது. கணக்குப்படி கலனுக்குப் பதினாறு வந்திருக்கும். ஆகவே நான் ஒரு பூவாளிக்குப் பதில் ஒன்றரைப் பூவாளி எடுக்க வேண்டியதாயிற்று. மீண்டும் பத்து. சிவப்புக் கார் தொண்ணூறு. என் கணவர் பல் துலக்கும்போது பாட்டுப் பாடினார்.

டொலறஸ் இலைக்கு வந்த ஒரு நாள், ஏன் அக்கா இப்படி என்று என்னிடமே கேட்டாள். என் கணவர் முன்பு ஒருமுறை சாப்பிடும்போது சொன்ன ஒரு விஷயத்தைப் பொது அறிவாகச் சொன்னேன். பழைய கார் விற்கிறவர்கள் மைல் மீட்டரின் வயரைக் கழற்றிவிட்டு ஓடுவார்களாம். வண்டி ஓடும், பெற்றோல் போகும், மீட்டர் அசையாது. இதைத்தான் சொன்னேன். கிறிஸ்துராஜாவின் பெயரை நான் எடுக்கவில்லை. அவள் கையிலிருந்த இலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகுதான் கஸ்பரைக் கூப்பிட்டார்கள். ஃபொரெஸ்ட் கேட்டில் ரயில் பாலத்துக்குக் கீழே கராஜ் வைத்திருந்த பொடியன். முப்பத்திரண்டு வயது, கலியாணம் ஆகவில்லை, தாயோடு இருந்தான். டீசல் ஜீப் வைத்திருந்தான், நேர்மையான ஆள். தாங்கியை விளிம்புவரை நிரப்பி, டொலறஸை முன்னால் இருத்தி, சவுத்எண்ட் கடற்கரைவரை போய்த் திரும்பிவந்து, அதே இடத்தில் திரும்ப நிரப்பினான். கலனுக்குப் பதினேழு. புத்தகத்தில் உள்ளதை மறந்துவிடுங்கள், இந்தக் கனத்துக்கு நகருக்குள் பதினாலு பதினைந்து, வெளியே பதினேழு, இதில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னான். தன்னுடைய டீசல் இருபத்தைந்து ஓடும், ஆனால் அந்தச் சத்தத்துக்கு மனிசர் கதைக்க ஏலாது என்றும் சொன்னான்.

அவன் நல்லதைத்தான் நினைத்தான். ஆனால் பரிசோதனையின் முடிவு வேறு விதமாக விளங்கிக்கொள்ளப்பட்டது. கஸ்பர் ஓட்டினால் பதினேழு. புருஷன் ஓட்டினால் பத்து. ஆக, வண்டி நிரபராதி.

டொலறஸ் கலண்டரோடு நேரே என் சமையலறைக்கு வந்தாள். நாலு கலனுக்கு அறுபத்தெட்டு மைல் ஓடியிருக்க வேண்டும். மீட்டர் காட்டியது நாற்பது. வாரத்துக்கு இருபத்தெட்டு மைல் காணவில்லை. இருபத்தெட்டு மைலுக்கு ஒரு மனிசன் எங்கே போய்வரலாம் அக்கா என்று கேட்டாள்.

நான் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தேன். விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வந்தால் சரியாக இருபத்தெட்டு மைல் என்று என் கணவர் அளந்து வைத்திருக்கிறார் என்றேன். அது உண்மை. சிவப்புக் காரில் அவர் எல்லாவற்றையும் அளப்பார்.

"அவர் பிள்ளையார் கோயிலுக்கு ஏன் போறார்," என்றாள் டொலறஸ்.

விம்பிள்டனில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் சுலோச்சனாவைப் பற்றி, அந்த மெட்ராஸ்காரப் பெண் நல்ல வடிவு என்று மட்டும் சொன்னேன். பெப்ரவரியில் எங்கள் பக்கம் நடந்த ஒரு கலியாண வீட்டில் மழை பெய்தபோது கிறிஸ்துராஜா தன் பழைய காரில் ஐந்து பேரை ஏற்றிப்போய் இறக்கியதும், கடைசியாக இறங்கியவள் அவள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டொலறஸுக்கும் தெரியும். அவளே அன்றைக்கு அவருக்குக் குடை கொடுத்து அனுப்பினாள். தெரிந்த ஒன்றை ஞாபகப்படுத்துவது குற்றம் என்றால் எங்கள் தெருவில் யாரும் வாய் திறக்க முடியாது.

அடுத்த சனிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன சண்டை. கிறிஸ்துராஜா மீட்டரைத் தொட்டதேயில்லை என்று மாதாமேல் சத்தியம் பண்ணினார். கழற்றி எறிஞ்ச மாதாவிலையோ என்று டொலறஸ் கேட்டாள். அத்தோடு அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு குரோய்டனில் இருந்த தமக்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவர் சப்பாத்துகளைப் போட மறந்து அப்படியே நின்றார்.

கஸ்பருக்கு இது மனதைக் குடைந்தது. சண்டையில் அந்தப் பெயர் அடிபட்டதைக் கேட்டு, விம்பிள்டனுக்கே போய்ச் சுலோச்சனாவிடம் விசாரித்தான். அவள் சிரித்தாளாம். "அவரா? அன்னிக்கு வழி முழுக்க தான் வாங்கப்போற ஜீப்பு எவ்வளவு பெட்ரோல் குடிக்கும்னே பேசிட்டு வந்தாரு. இன்னொரு தடவை ஏறச் சொன்னா நான் நடந்தே போயிடுவேன்," என்றாளாம். இதைக் கஸ்பர் குரோய்டனுக்குத் தொலைபேசியில் சொல்ல, டொலறஸ் நீயும் அவரோடு கூட்டோ என்று வைத்துவிட்டாள். சரிதான், விஷயம் அதோடு முடிந்தது. ஆனால் அடுத்த வாரமும் கஸ்பர் விம்பிள்டனுக்குப் போனான். அதற்கு அடுத்த வாரமும் போனான். ஒருவனுக்கு எத்தனை சோடிக் கண்ணாடி வேண்டும். இலைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

அவனும் ஒரு நாள் தாய்க்கு இலை வாங்க வந்தான். நான் ஆய்ந்துகொண்டிருக்கும்போது பூவாளியைத் தூக்கி முகர்ந்து பார்த்தான்.

"அக்கா, கறிவேப்பிலைக்குப் பெற்றோலே ஊத்துறியள்?"

"பூச்சி, தம்பி."

அவன் யன்னலுக்கு வெளியே பார்த்தான். அங்கே ஜீப். அதன் பின்பக்கக் கண்ணாடிக்கு அப்பால் சிவப்புக் காரின் மூக்கு. ஒரு மெக்கானிக்குக்கு அவ்வளவும் போதும்.

"சபா அண்ணையின்ர முட்டை எங்கையிருந்து வந்தது எண்டு இப்பதான் விளங்குது," என்றான் மெல்ல.

"சுலோச்சனா சுகமே? அம்மாட்டைச் சொல்லிப்போட்டியோ, இல்லாட்டி நான் சொல்லட்டோ?"

மெட்ராஸ்காரி, சைவக்காரி. கஸ்பர் வீடு கத்தோலிக்க வீடு, தாய்க்கு இருதய வருத்தம். அவன் இலைகளை எடுத்துக்கொண்டு, நன்றி அக்கா என்று சொல்லிவிட்டுப் போனான். வளர்ப்பு நல்ல வளர்ப்பு.

இனி ஒரு விஷயம்தான் இருக்கிறது. டொலறஸ் போய் மூன்றாம் வாரம் கிறிஸ்துராஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. சமையலறைக் கதிரையில் இருந்து மேசையைப் பார்த்துக்கொண்டு கதைத்தார்.

"மலரக்கா, அவ ஒருத்தரையும் நம்பிறா இல்லை. உங்களைத்தான் நம்புவா. நீங்கள் எடுத்துச் சொல்லுங்கோ, நான் ஒரு இடமும் போகேல்லை எண்டு. நீங்கள் எந்த நேரமும் வீட்டிலைதானே, ஜீப் நிண்டதைக் கண்டிருப்பியள்."

கண்டிருந்தேன். அந்த வண்டி எங்கும் போகவில்லை என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி இந்த லண்டனில் இல்லை. அது அசையவேயில்லை என்பதுதானே என் முறைப்பாடு. அவருக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தேன். சீனி இரண்டு கரண்டி. நான் நினைத்திருந்தால் அந்த இடத்திலேயே ஒரு வசனத்தில் முடித்திருக்கலாம். அவர் தேநீரைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "தம்பி, அந்தச் சனியனை வித்துப்போட்டு, வித்துப்போட்டன் எண்டு போய் அவளிட்டைச் சொல்லுங்கோ," என்றேன்.

அவர் தலையாட்டினார். என் கையைப் பிடித்து, கூடப்பிறந்த அக்காவும் இப்படிச் சொல்லமாட்டா என்றார்.

வெள்ளிக்கிழமை கென்ற்றிலிருந்து ஒரு பண்ணைக்காரன் வந்து ஜீப்பைக் கொண்டுபோனான். கிறிஸ்துராஜா தெரு முனைவரை பின்னால் நடந்து போனார். என் யன்னலில் வெயில் வந்து விழுந்தது. எதிர்வீட்டுக் கிழவி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன்.

டொலறஸ் ஒரு நிபந்தனையோடு ஏற்றுக்கொண்டாள். இனி அந்தத் தெருவில் இருப்பதில்லை என்பது நிபந்தனை. டிசெம்பரில், நத்தார்ப் பண்டிகைக்கு முன் வீட்டை விற்றுக் குரோய்டனில் தமக்கை வீட்டுக்குப் பக்கத்தில் போய் இருந்துவிட்டார்கள். இன்றைக்கும் ஒன்றாகத்தான் இருக்கிறார்கள். அவருக்கு வாகனம் இல்லை. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் போன நேரமும் வந்த நேரமும் சொல்ல வேண்டும் என்று கேள்வி. அது குடும்பத்துக்கு ஒரு ஒழுங்குதான்.

கஸ்பரும் சுலோச்சனாவும் அடுத்த வருடம் பதிவுத் திருமணம் செய்தார்கள். தாய் முதலில் அழுதா, பிறகு பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிரித்தா. நான் அந்தப் பெயரைச் சொல்லியிராவிட்டால் அவன் விம்பிள்டனுக்குப் போயிருப்பானா? இதை யாரும் எனக்காக நினைத்துப் பார்ப்பதில்லை. அவன் மட்டும் இன்றுவரை எங்கள் வீட்டுக்கு வருவதில்லை.

சிவப்புக் கார் ஒரே மாதத்தில் முப்பத்தெட்டுக்கு இறங்கியது. என் கணவர் பயந்துபோய்க் கஸ்பரிடம் கொண்டுபோனார். கஸ்பர் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "வயசு போட்டுது அண்ணை" என்றானாம். அவர் அதற்குப் பிறகு கோயிலில் அதிகம் கதைப்பதில்லை.

கறிவேப்பிலை அந்தப் பனிக்காலமே பட்டுப்போய்விட்டது. வேரில் பெற்றோல் என்று ஒருவர் சொன்னார், குளிர் என்று இன்னொருவர் சொன்னார். தொட்டியும் மண்ணும் இன்னும் யன்னலில்தான் இருக்கின்றன. கதிரையும் இருக்கிறது. மண்ணுக்கும் கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் அல்லவா.

இதெல்லாம் நடந்து ஆறு வருடம். ஏன் இப்போது சொல்கிறேன் என்று கேட்பீர்கள். போன மாதம் கிறிஸ்துராஜா இருந்த வீட்டுக்கு மறுபடியும் புது ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஜம்புநாதன், ரமா. தமிழ்நாட்டுக்காரர், அவருக்குக் கணினி வேலை. அவர்களிடமும் ஒரு ஜீப் இருக்கிறது, முந்தையதைவிட ஒரு சாண் உயரம், டீசல். கலனுக்கு இருபத்தெட்டு ஓடும் என்று அவர் எல்லோருக்கும் சொல்கிறார். தங்கள் யன்னலை மறைக்கிறது என்று அதை இங்கே தள்ளி விட்டிருக்கிறார்கள். டீசலின் ருசி எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சிவப்புக் காருக்கும் அது ஒத்துவராது.

சாவியை நான் கேட்கவில்லை. தெருவில் நம்பிக்கையான ஆள் யார் என்று நாலு வீட்டில் விசாரித்துவிட்டு, நேற்றுப் பின்னேரம் ரமாவே கொண்டுவந்து தந்தாள்.